முகில் எரிந்த கதை

தென்கொரியாவின் தேஜொன் நகரில் அந்நாட்டு அரசின் கணனிகள் குவிக்கப்பட்டிருந்த கட்டடமொன்றின் ஐந்தாம் மாடியில் 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு தீப்பற்றியது. மின்சாரம் தடைப்படும் வேளையில் கணனிகளை இயக்குவதற்கென வைத்திருந்த லித்தியம் அயன் மின்கலங்களை நிலக்கீழ்த் தளத்துக்கு இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. தீயை முற்றாக அணைக்க ஏறத்தாழ 22 மணித்தியாலங்கள் பிடித்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் ஒரே இரவில் நின்றுபோயின. அவற்றுட் பல நாளடைவில் மீண்டன. மீளாதது ஒன்று உண்டு. அரச ஊழியர்கள் தமது அலுவலகக் கோப்புகளைச் சேமிப்பதற்கென 2018இலிருந்து பயன்படுத்திவந்த 'ஜி-டிரைவ்' என்னும் பொதுக் களஞ்சியமே அது. அதிலிருந்த 858 டெராபைட் தரவு சாம்பலாயிற்று. களஞ்சியம் மிகப் பெரியது, ஆகவே அதற்கு வெளியிடத்தில் பிரதி எடுக்கப்படவில்லை என்று விளக்கம் கூறப்பட்டது. உலகின் மிக வேகமான இணையத்தைக் கொண்ட நாடுகளில் ஒன்று அளித்த விளக்கம் இது.

நான் கணனித்துறை கற்றவனல்லன். கலைப்பீடத்தில் வரலாறு படித்துவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். எனினும் இச்செய்தியை வாசித்தபோது என் மனதில் முதலில் எழுந்தது தொழில்நுட்பக் கேள்வி அன்று. எங்கள் ஊரவர் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான்: 'வேறு பிரதி எங்கே?'

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி ஜூன் முதலாம் திகதி வரை நீடித்த வன்செயலின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. ஒன்று மக்களின் அறிவுக் களஞ்சியம், மற்றது அவர்களது அன்றாட வாழ்வின் பதிவேடு. இந்தக் கொடுமையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கு சொல்ல விரும்புவது அதன் ஒரு சிறு பக்கத்தை மட்டுமே. எரிந்தவற்றுள் அச்சு நூல்களிற் பெரும்பாலானவற்றுக்கு வேறெங்கோ ஒரு பிரதி இருந்தது. ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் அப்படி இருக்கவில்லை. தீ இரண்டையும் ஒரே விதமாகத்தான் தின்றது. ஆனால் ஒன்றின் இழப்பைப் பணத்தாலும் முயற்சியாலும் ஈடுசெய்ய முடிந்தது, மற்றதை முடியவில்லை.

அச்சு நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வேறிடத்திற் பிரதி இருந்தமைக்குக் காரணம் எவருடைய அறிவுத்தாகமும் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்தானியர் 1839இல் கொண்டுவந்த பத்திரிகைகள் கட்டளைச் சட்டமும், 1885இல் வந்த அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டமும் அச்சானவற்றின் பிரதியை அரசிடம் ஒப்படைக்கும்படி பணித்தன. பத்திரிகைச் சட்டத்தின் நோக்கம் கண்காணிப்பு. எழுதியவர் மீது வழக்குத் தொடுக்க வேண்டி வந்தால் கையிற் சான்று இருக்க வேண்டும் அல்லவா? பொலிஸ் மனப்பான்மையிற் பிறந்த ஏற்பாடு நூறாண்டு கழித்து வரலாற்று மாணவனுக்கு உதவியது. ஈழநாட்டின் பழைய இதழ்களை நான் புரட்டிப் பார்த்தது கொழும்பில், தேசிய சுவடிகள் கூடத்தில். யாழ்ப்பாணத்தில் அன்று.

ஓலையின் கதை வேறு. ஏட்டுச்சுவடிக்கு ஆயுள் குறைவு. செல்லரிக்குமுன் புதிய ஓலையில் எழுதிவைக்க வேண்டும். எழுதும்போது பிழை நுழையும். அதைக் களைய இன்னொரு சுவடியோடு ஒப்புநோக்க வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் தம் கண்முன்னே அழிந்துகொண்டிருப்பதை முன்னுரையில் மனம் நொந்து எழுதினார். அவரிடம் பல ஊர்ச் சுவடிகள் இருந்தமையாலேயே பிழை எது, பாடம் எது என்று தீர்மானிக்க முடிந்தது. கணனிக்காரர்கள் இன்று 'பக்' என்று சொல்வதற்கு நம்மவர் 'வழு' என்னும் இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டமை எனக்கு மிகவும் பிடித்த விடயம். வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாக வகுத்த மொழி நம்முடையது. பிழையென்று தெரிந்தும் இயங்குகிறதே என்று விட்டுவைத்திருக்கும் நிரல்கள் உலகில் எத்தனை இலட்சமோ. அவையெல்லாம் வழுவமைதிதான். இது நிற்க.

கணனிக் காலத்தில் ஓலையின் நிலை மறுபடி வந்துவிட்டது என்பதே என் கட்சி. அச்சு யந்திரம் ஒன்றை ஆயிரமாக்கி ஊரெங்கும் சிதறவைத்தது. 'வழங்கி' எனப்படும் சேர்வரோ ஆயிரம் பேருக்கு வேண்டியதை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு கேட்டவருக்குக் காட்டுகிறது. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், வைத்திருப்பவர் ஒருவரே. முகில் என்ற பெயர் இதை நன்றாக மறைக்கிறது. முகில் என்றால் எங்கும் பரந்திருப்பது என்ற எண்ணம் நமக்கு. உண்மையில் அது யாரோ ஒருவருடைய கட்டடம். அதற்கு முகவரி உண்டு, கதவு உண்டு, மின்கட்டணமும் உண்டு.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அப்படியொரு கட்டடம் 2021 மார்ச் 10ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் எரிந்தது. ஓவிஎச் நிறுவனத்துக்குச் சொந்தமான ஐந்து மாடிக் கட்டடம் முற்றாக அழிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. சுமார் 36 இலட்சம் இணையத்தளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. தத்தம் அனர்த்த மீட்புத் திட்டங்களைச் செயற்படுத்துமாறு நிறுவனத்தின் தலைவர் ஒக்டாவ் கிளபா வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். அப்படியொரு திட்டம் தமக்கு வேண்டும் என்பதையே பலர் அன்றுதான் அறிந்தார்கள். வேறு சிலர் காசு கொடுத்துக் காப்புப்பிரதிச் சேவையையும் வாங்கியிருந்தனர். மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்து, இரண்டும் சேர்ந்தே எரிந்த சம்பவம் நீதிமன்றம் வரை போனது. 2023இல் லில் நகர வர்த்தக நீதிமன்றம் அத்தகைய வாடிக்கையாளர் ஒருவருக்கு நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் நட்டஈடு கிடைக்கலாம், தரவு கிடைக்காது.

தீயை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 1998இல் கலிஃபோர்னியாவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கொடுத்த அழிப்புக் கட்டளை தவறான இடத்தில் ஓடத்தொடங்கியது. கதாபாத்திரங்களின் கோப்புகள் ஊழியர்களின் கண்முன்னே ஒவ்வொன்றாக மறைந்தன. காப்புப்பிரதி இருக்கிறதே என்று தேடினால், அது சில வாரங்களாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணனியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வைகளிற் சுற்றிக் காரில் ஏற்றிக் குழந்தையைப் போலக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது. இதை எல்லோரும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கோ, பல கோடி டொலர் பெறுமதியான முயற்சியொன்று ஒரு தாயின் பிரசவ விடுமுறையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே அதிற் பெரிய செய்தியாகப் படுகிறது.

இவ்வரிசையில் நான் மிகவும் விரும்பி வாசித்தது கிட்லாப் நிறுவனத்தின் கதை. ஏனெனில் அவர்களே அதை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்கள். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மாலை அதன் தரவுத்தளத்தில் சுமை ஏறியது. முதன்மை வழங்கியில் நடப்பவற்றை அப்படியே படியெடுக்கும் இரண்டாம் வழங்கி பின்தங்கிப்போய்ப் பின்னர் நின்றேவிட்டது. இரவு நெடுநேரம் அதைச் சரிசெய்ய முயன்ற பொறியியலாளர் ஒருவர், இரண்டாம் வழங்கியிலுள்ள பழைய தரவை அழித்துவிட்டுப் புதிதாகப் படியெடுக்கலாம் என்று முடிவுசெய்தார். முடிவு சரி. கட்டளையும் சரி. ஆனால் அவர் அமர்ந்திருந்த திரை முதன்மை வழங்கியினுடையது. ஒன்றிரண்டு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டும் மீந்திருந்தது.

அதன் பின்னர் நடந்ததே பாடம். நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப்பிரதியைத் தேடினர். சேமிப்பிடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தள மென்பொருள் 9.6ஆம் பதிப்பு, பிரதி எடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாமல் வேலை நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு உண்டு. ஆனால் அம்மின்னஞ்சல்களில் முறையான ஒப்பம் இல்லாததால் வாங்கும் பக்கத்தில் அவை நிராகரிக்கப்பட்டன. முகிற் சேவையாளர் தரும் வட்டுப் படியெடுப்பு வசதி தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்படவேயில்லை. இப்படி ஐந்து வழிகள் இருந்தும் ஒன்றும் சரிவர வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். காப்பாற்றியது, வேறொரு பரீட்சார்த்த வேலைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த படி. மெதுவான வட்டிலிருந்த அதை மீளக் கொண்டுவர ஏறத்தாழ 18 மணித்தியாலங்கள் பிடித்தன. அந்த ஆறு மணி நேரத்துக்குரிய சுமார் 5,000 செயற்றிட்டங்களின் பதிவுகளும் அதேயளவு கருத்துரைகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் மீளவில்லை.

இதில் ஒரு பத்திரிகையாளன் கண்ணில் உடனே படும் இடம், வந்துசேராத அந்த மின்னஞ்சல்கள். தோல்வி ஏற்பட்டால் தகவல் வரும் என்று இருப்பது பெரும் மடமை. நாங்கள் செய்தி ஆசிரியர் மேசையில் இதை வேறு விதமாகப் பழகியிருந்தோம். யுத்த காலத்தில் மாவட்ட நிருபர் நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் தொலைபேசி எடுப்பார், செய்தி இல்லாவிட்டாலும் எடுப்பார். அழைப்பு வராவிட்டால் 'இன்று அங்கு ஒன்றும் நடக்கவில்லை' என்று எவரும் எண்ணமாட்டார்கள். ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பதறுவார்கள். காப்புப்பிரதி வேலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். 'இன்று எடுத்தேன், இவ்வளவு பெரியது' என்று நாள்தோறும் அது அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வராத காலையில் ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். நேற்றைய பிரதி 300 கிகாபைட், இன்றையது வெறும் 2 என்றால் அதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கிட்லாப் நிறுவனம் அந்தப் பொறியியலாளரின் பெயரைத் தன் அறிக்கையில் வெளியிடவில்லை. 'முதலாம் உறுப்பினர்' என்றே குறிப்பிட்டது. மீட்பு வேலையை யூடியூப்பில் நேரலையாகவும் காட்டியது. பின்னர் அவர்கள் பட்டியலிட்ட திருத்தங்களில் ஒன்று மிக எளிமையானது: எந்த வழங்கியில் வேலை செய்கிறோம் என்பது திரையிலேயே பளிச்செனத் தெரியும்படி அடையாளத்தை மாற்றுவது. 'யார் செய்தது' என்று கேட்டிருந்தால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அடுத்தவர் அதே திரையின் முன் அமர்ந்திருப்பார். 'எப்படி நேர்ந்தது' என்று கேட்டதால் திரை மாறியது. நம் அலுவலகங்களில் விசாரணை என்றாலே முதலாவது கேள்விதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரச முகில் எனப்படும் முறைமை கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் அவற்றுள் அடங்கும். முறைமை விரைவில் மீட்கப்பட்டது. ஆயினும் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காரணம், இணைப்பிலிருந்த பிரதியும் மூலத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டுவிட்டது. இணைப்பில்லாத பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. அதைப் புதுப்பிக்க 2021இலிருந்தே திட்டமிருந்தும் நிதித் தட்டுப்பாட்டினாலும் முன்னைய தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. நாடு வங்குரோத்தான காலம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து ஒரு நாட்டின் ஆவணத்திலிருந்து இல்லாமற்போவது சிறிய காரியமன்று. காலனித்துவ ஆளுநரொருவர் 1840இல் எழுதிய கடிதத்தை நான் இன்று வாசிக்கலாம். 2023 ஜூன் மாதத்தில் ஓர் அமைச்சின் செயலாளர் என்ன எழுதினார் என்பதை நாளைய மாணவன் அறிய வழியில்லாமற் போகலாம்.

தீயிலிருந்து காக்க வேறிடத்துப் பிரதி வேண்டும். தீம்பொருளிலிருந்து காக்க இணைப்பில்லாத பிரதி வேண்டும். இவற்றைச் சேர்த்துச் சொல்லும் சுருக்கமான விதியொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். இதைப் பரவலாக்கியவர் பீற்றர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் என்பது எனக்கு ஆறுதல் தரும் செய்தி. கணனி விற்பன்னர் சொல்லும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த விதியும் போதாது என்பதற்கு என் தொழிலிலேயே சான்று உண்டு. நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்றில் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து பக்கங்களைப் பேஜ்மேக்கர் மென்பொருளில் வடிவமைத்து, பாமினி எழுத்துருவில் அச்சேற்றி, ஒவ்வொரு மாதக் கோப்புகளையும் இறுவட்டுகளிற் பதிந்து அலுமாரியில் அடுக்கினார்கள். ஒரு தொகுதி அலுவலகத்திலும் மற்றொன்று உரிமையாளர் வீட்டிலும் இருந்தன. விதிப்படி எல்லாம் சரி. பதினைந்து ஆண்டுகளின் பின்னர் ஒரு பழைய தொடர்கட்டுரையை நூலாக்க வேண்டி அவற்றை வெளியே எடுத்தோம். சில வட்டுகள் படிக்கவில்லை. படித்தவற்றைத் திறக்க அந்தப் பழைய மென்பொருள் எவரிடமும் இல்லை. எப்படியோ திறந்தவற்றில் எழுத்துருப் பொருந்தாமல் எழுத்துகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. கடைசியில் அச்சான பத்திரிகைக் கோவையைத் தேடியெடுத்து, ஒரு பிள்ளையை அமர்த்தி, வரிவரியாகத் தட்டெழுதுவித்தோம். அதே பத்திரிகையின் இணையப் பதிப்பு வழங்கி நிறுவனம் மாறியபோது பல ஆண்டுகளுக்குரியதாக ஒரேயடியாக மறைந்தது. அதைக் கேட்பாரும் இருக்கவில்லை.

பிரதி இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. அதைத் திறந்து, மீள நிறுத்தி, உள்ளே இருப்பதை ஒருவர் வாசித்துப் பார்த்த பின்னரே அது பிரதி ஆகிறது. கிட்லாப்பில் தவறியதும் இதுதான். பிக்ஸாரில் தவறியதும் இதுதான். பழைய ஏட்டுக்காரர்களுக்கு இச்சிக்கல் இருக்கவில்லை. புதிய ஓலையில் எழுதும்போதே பழையதை வாசித்துவிடுவார்கள்.

உலகெங்கும் சிதறியிருக்கும் தமிழர் நடத்தும் இணையத்தளங்களிற் பல தனியொருவரின் கடனட்டையிலும் தனியொருவரின் கடவுச்சொல்லிலும் உயிர் வாழ்கின்றன. 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அதனோடு போயின. மறுபுறத்தில், 2005இல் ஆரம்பமான நூலகம் திட்டம் ஈழநாடு உட்படப் பழைய ஏடுகளை வருடியெடுத்து எவரும் தரவிறக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. தரவிறக்கும் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே ஒரு பிரதிக்குக் காவலராகிறார்கள். அச்சு யந்திரம் செய்த வேலை அது.

தளம் நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்டால் சில விடயங்களைச் சொல்வேன், இவை நான் கண்டுபிடித்தவையல்ல. எதையும் உடனே அழிக்காமற் பெயரை மாற்றி ஒரு மாதம் வைத்திருங்கள். பழுது ஏற்பட்டால் நேற்று எது மாற்றப்பட்டது என்பதை முதலிற் பாருங்கள். மாற்றங்களை ஒரு கொப்பியிலாவது திகதியிட்டு எழுதுங்கள். நீங்கள் நோய்ப்பட்டுக் கிடந்தால் இன்னொருவர் அக்கொப்பியைப் பார்த்துத் தளத்தை மீள எழுப்பக்கூடியதாக அது இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்குமேற் களைத்த கண்ணோடு அழிப்புக் கட்டளை எதையும் தட்டாதீர்கள். விடிந்ததும் செய்யலாம்.

ஸ்காபரோவிலிருந்து ஊர்ச் சங்கமொன்றின் தளத்தை நடத்தும் நண்பர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் முதலாவது ஞாயிற்றுக்கிழமை தன் காப்புப்பிரதியை வேறொரு பழைய கணனியில் முழுமையாக மீள நிறுத்திப் பார்க்கிறார். மரண அறிவித்தல்கள், பாடசாலை மலர்கள், இடம்பெயர்வுக்கு முந்திய கோயில் படங்கள் என அதில் ஓர் ஊரே இருக்கிறது. திகதி, எடுத்த நேரம், திறக்காதவை என்று மூன்று நிரலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். கடந்த முறை 47 நிமிடங்கள் எடுத்ததாம். இரண்டு படங்கள் திறக்கவில்லை. அவற்றின் மூலப்படம் வைத்திருக்கும் வீட்டுக்கு அன்று மாலையே தொலைபேசி எடுத்திருக்கிறார்.